படம், பாட்டு, நட்சத்திரம்: சரியான பதிலை எங்கே தேடுவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்து டீக்கடையானாலும் சரி, புதுச்சேரி கடற்கரைச் சாலையின் மாலைக் கூட்டமானாலும் சரி, சினிமாக் கேள்விக்குப் பஞ்சம் வந்ததில்லை. பதில்களும் உடனே வந்துவிடுகின்றன. அவற்றில் எது நிற்கும், எது நிற்காது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தப் பக்கம். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே சோதனைதான் இருக்கிறது: இந்தத் தகவலை முதலில் எழுதியவர் யார், எப்போது எழுதினார், தப்பாக எழுதினால் அவருக்கு ஏதாவது நஷ்டம் உண்டா?

ஒரே படத்துக்கு ஓரிடத்தில் ஒரு வருஷம், இன்னோரிடத்தில் வேறு வருஷம். எதை எடுத்துக்கொள்வது?

ஒரு படத்துக்குக் குறைந்தது நான்கு தேதிகள் உண்டு. தணிக்கைச் சான்றிதழ் தேதி, பாட்டு வெளியான தேதி, திரையரங்குக்கு வந்த தேதி, இணையத்தில் ஏற்றிய தேதி. இவற்றைக் கலந்து பேசுவதால்தான் பாதிச் சண்டை வருகிறது. டிசம்பரில் தணிக்கை முடிந்து பொங்கலுக்கு வரும் படத்தின் சான்றிதழில் முந்தைய ஆண்டுதான் இருக்கும். பாட்டுச் செயலிகளில் 1970களின் பாட்டுக்கு 2000க்குப் பிந்தைய ஆண்டு போட்டிருந்தால், அது இசை நிறுவனம் டிஜிட்டலாக ஏற்றிய ஆண்டு. பாட்டின் வயது அதில் தெரியாது.

“வந்தது” என்று நாம் சொல்வது திரையரங்கு வெளியீட்டைத்தான். அதற்கு மிகச் சிறந்த சாட்சி அன்றைய நாளிதழ் விளம்பரம். “இன்று முதல்” என்று திரையரங்குப் பட்டியலோடு வந்திருக்கும். “நாளை முதல்” விளம்பரத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. கடைசி நேரத்தில் தள்ளிப்போன படங்கள் ஏராளம். மறுநாள் இதழையும் ஒரு முறை புரட்டுங்கள்.

இன்னொரு பொறி, ஒரே தலைப்பு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தன் இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ 1965இல் வந்தது. அதே பெயரில் கமல்ஹாசன் நடித்த படம் 2009இல் வந்தது. தலைப்பை மட்டும் தட்டினால் புதிய படம்தான் மேலே வரும். தலைப்போடு ஆண்டையோ இயக்குநர் பெயரையோ சேர்த்துத் தேடுங்கள். தலைப்பை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்தச் சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்கள் வரும். தமிழில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக ஒரு முறை தேடுங்கள். நெடிலை இரட்டை உயிரெழுத்தாக எழுதுகிறவர்களும் உண்டு, ஒற்றையாக எழுதுகிறவர்களும் உண்டு.

படம் எவ்வளவு நேரம் ஓடும் என்று எதைப் பார்த்துச் சொல்வது?

படம் தொடங்கும் முன் திரையில் காட்டப்படும் தணிக்கைச் சான்றிதழில் நேரம் அச்சாகியிருக்கும். தணிக்கை வாரியத்தின் இணையதளத்திலும் படப் பெயரைக் கொடுத்துத் தேடலாம். டிக்கெட் செயலி காட்டும் நேரம் முன்பதிவு தொடங்கும்போது தயாரிப்புத் தரப்பு கொடுத்தது. அதன்பின் வெட்டியிருந்தால் மாறியிருக்காது. இடைவேளை, விளம்பரம் எல்லாம் தனி. கடைசிப் பேருந்தைப் பிடித்துப் பண்ருட்டிக்கோ பாகூருக்கோ போக வேண்டியவர்கள் சான்றிதழ் நேரத்தோடு அரை மணி சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பழைய படங்களுக்கு நிமிடம் இருக்காது, மீட்டர் இருக்கும். 35 மி.மீ. ஃபிலிம் நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் ஓடுகையில் நிமிடத்துக்கு 90 அடி போகும். அதாவது சுமார் 27.4 மீட்டர். ஆகவே மீட்டர் கணக்கை 27.4ஆல் வகுத்தால் நிமிடம் கிடைக்கும். 4,500 மீட்டர் என்றால் 164 நிமிடம், 2 மணி 44 நிமிடம். 1,000 அடி ரீல் ஒன்று ஏறத்தாழ 11 நிமிடம். தொலைக்காட்சியிலோ யூடியூபிலோ உள்ள பிரதி இதைவிட 15, 20 நிமிடம் குறைவாக இருந்தால் பாட்டையோ காட்சியையோ வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். பழைய படத்தைப் பற்றி “அந்தக் காட்சியே படத்தில் இல்லை” என்று வாதம் வந்தால் முதலில் இந்த வகுத்தலைப் போட்டுப் பாருங்கள்.

யு/ஏ 13+ என்றால் 12 வயதுப் பிள்ளையை உள்ளே விடமாட்டார்களா?

விடுவார்கள். 2023இல் திரைப்படச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 விதிகளோடு பழைய ஒற்றை யு/ஏ மூன்றாகப் பிரிந்தது: 7+, 13+, 16+. இந்த எண், அந்த வயதுக்குக் குறைந்த பிள்ளை பார்க்கலாமா என்று பெற்றோர் யோசித்து முடிவெடுக்க ஒரு குறிப்பு. ‘ஏ’ சான்றிதழ் அப்படியல்ல. 18 வயது நிரம்பாதவருக்கு அனுமதி கிடையாது, பெற்றோர் கூட வந்தாலும் கிடையாது. குடும்பத்தோடு கிளம்பி வாசலில் திரும்ப நேர்வது இந்த ஒரு எழுத்தைப் பார்க்காததால்தான்.

ஓடிடியில் தெரியும் வயதுக் குறி தணிக்கை வாரியம் தந்ததல்ல. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்தந்தத் தளமே வகைப்படுத்திக்கொள்வது. அதனால் திரையரங்கில் ஒரு குறியும் வீட்டில் இன்னொரு குறியும் இருப்பது பிழையாக இருக்க வேண்டியதில்லை.

பாண்டியில் விடியற்காலைக் காட்சி இருக்கிறதாம், கடலூரில் 9 மணிக்குத்தானாம். உண்மையா?

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். முள்ளோடை தாண்டினால் நிர்வாகம் மாறுகிறது. கடலூர் தமிழ்நாடு, புதுச்சேரி தனி ஒன்றியப் பகுதி. சிறப்புக் காட்சிக்கான அனுமதியை அந்தந்த அரசு தனித்தனியே தருகிறது. அண்மை ஆண்டுகளில் பெரிய படங்களுக்குத் தமிழக அரசு தந்த ஆணைகளில் முதல் காட்சி காலை 9 மணி என்றுதான் இருந்திருக்கிறது. அந்த ஆணை புதுச்சேரியைக் கட்டுப்படுத்தாது. புதுச்சேரியில் கிடைத்த அனுமதி கடலூருக்குச் செல்லாது.

சரிபார்க்க வேண்டிய வரிசை இது. முதலில் அரசாணையின் நகல். அதில் படப் பெயர், நாள், எத்தனை காட்சி, முதல் காட்சி எத்தனை மணி, கடைசிக் காட்சி எத்தனை மணிக்குள் முடிய வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். இரண்டாவது, டிக்கெட் செயலியில் அந்தத் திரையரங்குக்கு அந்த மணிக்குக் காட்சி திறந்திருக்கிறதா என்பது. மூன்றாவது, திரையரங்குக் கவுன்டரில் நேரடியாகக் கேட்பது. ரசிகர் மன்றத்துப் பலகையில் எழுதியிருப்பது பல நேரம் அனுமதி கேட்டிருக்கும் நேரம்தான், கிடைத்த நேரமல்ல. “ரசிகர் காட்சி டிக்கெட்” என்று முன்பணம் வாங்குகிறவர் திரையரங்கு முத்திரையுள்ள சீட்டைத் தரவில்லை என்றால் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

நடிகர் ஒருவர் காலமானார் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. எப்படி உறுதி செய்வது?

பகிராமல் நிறுத்துங்கள். அது முதல் வேலை. உயிரோடு இருப்பவரின் வீட்டில் அந்தச் செய்தி என்ன செய்யும் என்று நினைத்துப் பார்த்தால் பத்து நிமிடம் காத்திருப்பது பெரிய விஷயமில்லை.

பிறகு மூன்று இடம் பாருங்கள். மருத்துவமனையின் கையெழுத்திட்ட அறிக்கை, குடும்பத்தினரின் சொந்தக் கணக்கில் வந்த பதிவு அல்லது மக்கள் தொடர்பாளரின் அறிவிப்பு, பெயரும் நேரமும் போட்டு எழுதும் செய்தி நிறுவனம் ஒன்று. எஸ்.பி.பாலசுப்ரமணியம் 2020 ஆகஸ்டில் சேர்க்கப்பட்டு செப்டம்பர் 25 அன்று மறையும் வரை மருத்துவமனை அறிக்கைகள் வந்தன. மகன் சரணும் அவ்வப்போது காணொளியில் பேசினார். அதற்கு நடுவில் சுற்றிய எத்தனையோ சேதிகளைப் பிரித்தறிய இந்த இரண்டு ஊற்றும் போதுமானவையாக இருந்தன.

பொய்ச் சேதிக்குச் சில அடையாளங்கள் உண்டு. மருத்துவமனை பெயர் இருக்காது, நேரம் இருக்காது. “சற்று முன்” என்று மட்டும் இருக்கும், எந்த நாளின் சற்று முன் என்று இருக்காது. சேனல் சின்னம் போட்ட அட்டையானால் அதே அட்டை அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துரு வேறாக இருந்தாலோ, நட்சத்திரத்தின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலோ சந்தேகம் வலுக்கும். படம் இணைந்திருந்தால் அதை அழுத்திப் பிடித்து கூகுள் லென்ஸில் தேடுங்கள். படப்பிடிப்பில் மாலை போட்ட காட்சியை மரணச் செய்தியாக்கி அனுப்புவது பழைய வழக்கம். தமிழில் யூடர்ன் போன்ற உண்மை கண்டறியும் தளங்கள் இவற்றை எழுதுகின்றன. மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்பு மத்திய அரசு தொடர்பான செய்திகளை மட்டும்தான் பார்க்கும். நடிகர் சேதிக்கு அங்கே போய்ப் பயனில்லை.

நடிகர்களின் உண்மையான வயது, பிறந்த ஊர், இயற்பெயர் எங்கே கிடைக்கும்?

தேர்தலில் நின்றவரானால் வேலை எளிது. வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. சட்டப்படியான பெயர், வயது, கல்வி, சொத்து, வழக்கு எல்லாம் அதில் வரும். கமல்ஹாசன் 2021இல் கோவை தெற்கில் நின்றபோது தந்ததும் அப்படித்தான். ஒன்றை மறக்கக் கூடாது: அதில் இருப்பது மனு கொடுத்த நாளில் முடிந்த வயது, பிறந்த தேதி அல்ல. கழித்துப் பார்த்தால் ஒரு வருஷம் முன்பின் வரும்.

இயற்பெயர் தெரிந்தால்தான் பழைய ஆவணங்களில் தேட முடியும். ரஜினிகாந்த் சிவாஜிராவ் கெயிக்வாட், சூர்யா சரவணன், தனுஷ் வெங்கடேஷ் பிரபு. வழக்கு விவரமோ நிறுவனப் பதிவோ தேடும்போது திரைப்பெயரைப் போட்டால் ஒன்றும் வராமல் போவது இதனால்தான்.

பிறந்த ஊரில் நம் பகுதிக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு. ஹாலிவுட் இயக்குநர் மனோஜ் நைட் ஷியாமளன் “பாண்டிச்சேரியில் பிறந்தவர்” என்று எழுதுவார்கள். அவர் 1970இல் பிறந்தது மாஹேயில். அது புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்ததுதான், ஆனால் இருப்பதோ கேரளக் கரையில். ஒன்றியப் பகுதியும் நகரமும் ஒரே பெயரில் இருப்பதால் இந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது. “பாண்டி” என்று பார்த்தால் புதுச்சேரியா, காரைக்காலா, மாஹேயா, ஏனாமா என்று ஒரு படி உள்ளே போய்க் கேளுங்கள். “கடலூர்க்காரர்” என்பதிலும் மாவட்டமா நகரமா என்ற கேள்வி உண்டு. தங்கர் பச்சான் கடலூர் மாவட்டத்துக்காரர், ஊர் பண்ருட்டிப் பக்கத்துப் பத்திரக்கோட்டை.

சம்பளம் எவ்வளவு, சொத்து எவ்வளவு?

சம்பளத்துக்குப் பொது ஆவணம் இல்லை. ஒப்பந்தம் இரண்டு பேருக்கு இடையிலானது. நீங்கள் படிக்கும் கோடிகள் எல்லாம் யாரோ சொன்னது. சொன்னவர் பெயர் செய்தியில் இல்லை என்றால் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லாதீர்கள். “நிகர மதிப்பு இத்தனை கோடி” என்று பட்டியல் போடும் தளங்களுக்கு வங்கிக் கணக்கோ வருமான வரிக் கணக்கோ கையில் கிடையாது. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுகின்றன.

சொத்துக்கு மேலே சொன்ன பிரமாணப் பத்திரம் நல்ல ஊற்று. கையிருப்பு, நகை, வாகனம், நிலம், கடன், கடைசி 5 ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம் என்று வரிவரியாக இருக்கும். அதுவும் அவரே அறிவித்ததுதான். ஆனால் பொய்யாக எழுதினால் வழக்கு வரும் என்பதால் மற்ற எல்லாவற்றையும்விட நம்பலாம்.

300 கோடி வசூல், 500 கோடி வசூல் என்கிறார்கள். எந்த எண்ணை நம்புவது?

இந்தக் கேள்விக்குத்தான் நீண்ட பதில் தேவை. ஏனென்றால் வசூல் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு தொகைகள் இருக்கின்றன.

டிக்கெட் அடிப்படை விலை 150 ரூபாய் என்று வையுங்கள். 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 27 ரூபாய். நீங்கள் கொடுப்பது 177. இதுதான் ‘கிராஸ்’. வரி போனால் 150, அது ‘நெட்’. அதில் திரையரங்கு தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை விநியோகஸ்தருக்குத் தருகிறது. அவருக்கு 60 சதவீதம் என்று பேசியிருந்தால் 90 ரூபாய். அது ‘ஷேர்’. உள்ளாட்சிக் கேளிக்கை வரி தனி. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இங்கே அதைச் சேர்க்கவில்லை. ஆக, ஒரே டிக்கெட்டை ஒருவர் 177 என்பார், இன்னொருவர் 90 என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. விநியோகஸ்தரின் பங்கு முதல் வாரத்தில் அதிகமாகவும் பிறகு குறைந்துகொண்டும் போவதால், கிராஸைப் பாதியாக்கினால் ஷேர் வந்துவிடும் என்ற குறுக்குவழியும் எப்போதும் சரிவராது.

சுவரொட்டியில் வருவது பெரும்பாலும் உலகம் முழுவதற்குமான கிராஸ். படத்துக்குச் செலவு தேறியதா என்று தெரிய வேண்டுமானால் ஷேரைத்தான் பார்க்க வேண்டும். அது சுவரொட்டியில் வராது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் கிராஸும் உதவாது. டிக்கெட் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. 1990களின் படத்தையும் இன்றைய படத்தையும் கோடிக் கணக்கில் ஒப்பிடுவது அதனால் அர்த்தமற்றது. டிக்கெட் எண்ணிக்கையை ஒப்பிட்டால் பேசலாம், பழைய படங்களுக்கு அதற்கு முழுக் கணக்கு கிடையாது.

அரசோ சுதந்திரமான அமைப்போ தணிக்கை செய்து வெளியிடும் வசூல் கணக்கு தமிழ்நாட்டில் இல்லை. வட அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் காம்ஸ்கோர் என்ற நிறுவனம் திரையரங்குகளிலிருந்தே கணக்கெடுக்கிறது. வெளிநாட்டு எண்களில் அவை உறுதியானவை. பங்குச்சந்தையில் உள்ள நிறுவனமானால் அதன் ஆண்டறிக்கையைப் பார்க்கலாம். சன் பிக்சர்ஸ் அப்படிப் பட்டியலிடப்பட்ட சன் டிவி நெட்வொர்க்கின் பகுதி.

விநியோகப் பகுதிவாரியாக வரும் ‘ஏரியா’ எண்களைப் படிக்கும்போது நம் ஊர் எங்கே வருகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். தென் ஆற்காடு மாவட்டம் 1993இல் கடலூர், விழுப்புரம் எனப் பிரிந்துவிட்டது. சினிமா வியாபாரத்தில் பழைய பெயர்தான் இன்னும் ஓடுகிறது. ‘என்.எஸ்.சி.’ என்றால் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு. பாண்டியும் தென் ஆற்காட்டோடு சேர்த்தே விற்கப்படுகிறது. “கடலூர் வசூல்” என்று தனியாக ஓர் எண் சுற்றினால் அது எந்தத் திரையரங்கின் கணக்கு என்று கேளுங்கள்.

இந்தப் பாட்டை எழுதியவர் கண்ணதாசனா, வாலியா, பட்டுக்கோட்டையா?

காதால் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். படம் வந்தபோது அச்சிட்ட பாட்டுப் புத்தகம் கிடைத்தால் அதுதான் முதல் சாட்சி. கதைச்சுருக்கம் போட்டு “மீதியை வெள்ளித்திரையில் காண்க” என்று முடித்திருப்பார்களே, அந்தச் சிறு புத்தகம்தான். அடுத்தது இசைத்தட்டு உறையும் நடுவட்டத்து லேபிளும். அதற்கடுத்தது படத்தின் எழுத்தோட்டம், அதாவது திரையில் ஓடும் பெயர்ப் பட்டியல். ஆனால் எழுத்தோட்டத்தில் பாடலாசிரியர்கள் மூன்று பேர் பெயர் சேர்ந்து வந்தால் எந்தப் பாட்டு யாருடையது என்று தெரியாது. யூடியூபில் இசை நிறுவனத்தின் சொந்தச் சேனலில் விளக்கப் பகுதியை விரித்தால் பாடல்வாரியாகப் பெயர்கள் இருக்கும். அங்கும் பிழை உண்டு, ஆனால் தனிநபர் ஏற்றிய காணொளியைவிட மேல்.

மறைந்த ஆண்டை வைத்துச் சோதிப்பது நல்ல வழி, எச்சரிக்கையோடு. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959 அக்டோபரில், 29 வயதில் மறைந்தார். 1960களின் நடுவில் வந்த புதுப் படப் பாட்டை அவர் பெயரில் யாராவது போட்டால் சந்தேகப்படுங்கள். ஆனால் பாட்டு எழுதிய நாளுக்கும் படம் வந்த நாளுக்கும் இடைவெளி இருக்கும். கண்ணதாசன் மறைந்தது 1981 அக்டோபர் 17. ‘மூன்றாம் பிறை’ வந்தது 1982. ‘கண்ணே கலைமானே’ அவருடையதுதான். ஒன்றிரண்டு ஆண்டு இடைவெளியை வைத்து ஒரு பாட்டைத் தள்ளிவிடக் கூடாது.

இன்னொன்று, பாட்டு படத்துக்கென்றே எழுதியதா, முன்பே இருந்த கவிதையா என்பது. பாரதிதாசனின் ‘துன்பம் நேர்கையில்’ 1951இல் ‘ஓர் இரவு’ படத்தில் வந்தது. பலர் அதைத் திரைப்பாடல் என்றே நினைக்கிறார்கள். கவிஞரின் தொகுப்பைத் திறந்தால் தீர்ந்துபோகும் சந்தேகம் இது. புதுச்சேரி பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடே நினைவு அருங்காட்சியகமாக இருக்கிறது.

தேசிய விருது, கலைமாமணி, ஆஸ்கர் என்று வரும் பேச்சில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

தேசிய விருதில் ஆண்டுதான் இடறும். சூர்யாவுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது 2020ஆம் ஆண்டுப் படங்களுக்கான 68ஆவது விருதுகளில். அறிவித்தது 2022 ஜூலையில், கொடுத்தது 2022 செப்டம்பரில். “2020இல் வாங்கினார்” என்பவரும் “2022இல் வாங்கினார்” என்பவரும் ஒரே விருதைத்தான் சொல்கிறார்கள். எத்தனையாவது விருது என்ற எண்ணைச் சொன்னால் குழப்பம் போகும். தமிழக அரசின் திரைப்பட விருதுகளில் இடைவெளி இன்னும் நீளம். 2009 முதல் 2014 வரையிலானவை 2017இல் அறிவிக்கப்பட்டு 2022இல் வழங்கப்பட்டன.

கலைமாமணியைத் தமிழக அரசின் இயல் இசை நாடக மன்றம் தருகிறது. புதுச்சேரி அரசும் அதே பெயரில் கலைமாமணி தருகிறது. இரண்டும் மதிப்புள்ளவை, இரண்டும் வேறு. நம் பகுதிக் கலைஞரைப் பற்றி எழுதும்போது எந்த அரசின் விருது என்று சேர்த்து எழுதுவதுதான் அவருக்கும் மரியாதை. புதுச்சேரி அரசு ஆண்டுதோறும் ஒரு படத்துக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் விருது தருகிறது. நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் அவர் 1922இல் மறைந்தது புதுச்சேரியில், நினைவிடம் கருவடிக்குப்பத்தில்.

ஆஸ்கருக்கு மூன்று படிகள். “தகுதிப் பட்டியல்” என்பது விதிமுறைப்படி திரையிட்டு விண்ணப்பித்த படங்களின் நீண்ட பட்டியல். 93ஆவது விழாவுக்கு அதில் 366 படங்கள் இருந்தன, ‘சூரரைப் போற்று’ அவற்றில் ஒன்று. “இந்தியாவின் அதிகாரபூர்வப் பரிந்துரை” என்பது பன்னாட்டுப் படப் பிரிவுக்கு நாட்டிலிருந்து போகும் ஒரே படம். 94ஆவது விழாவுக்கு ‘கூழாங்கல்’ போனது. மூன்றாவதுதான் ‘நாமினேஷன்’, இறுதிப் போட்டிக்கான சில பெயர்கள். முதல் படியில் நிற்கும் படத்துக்கு மூன்றாம் படியின் பெயரைச் சூட்டுவது தலைப்புச் செய்திகளில் அடிக்கடி நடக்கிறது. அகாதமியின் தளத்தில் ஆண்டுவாரியாகத் தேடினால் நொடியில் தெரியும்.

விக்கிப்பீடியாவும் ஐஎம்டிபியும் போதாதா?

தொடங்க நல்ல இடம், முடிக்கும் இடமல்ல. விக்கிப்பீடியாவில் வரியின் முடிவில் உள்ள சிறு எண்ணைத் தொட்டு, அது காட்டும் மூலத்தைத் திறந்து படியுங்கள். எண் இல்லாத வரி யாரோ எழுதிய வரி, அவ்வளவுதான். பிறகு ‘வரலாறு’ தாவலில் அந்தத் தகவல் எப்போது சேர்க்கப்பட்டது என்று பாருங்கள். விக்கிப்பீடியாவில் வந்த தேதியை ஒரு நாளிதழ் எடுத்து எழுத, அந்த நாளிதழையே பிறகு விக்கிப்பீடியா மூலமாகக் காட்டும் வட்டம் உண்டு. மூலத்தின் தேதி சேர்க்கப்பட்ட தேதிக்குப் பிந்தியதாக இருந்தால் அந்த வட்டத்துக்குள் இருக்கிறீர்கள்.

ஐஎம்டிபி அமேசானுடையது என்றாலும் தகவல்களில் பெரும்பகுதி பயனர்கள் அனுப்புவது. பழைய தமிழ்ப் படங்களில் ஒரே பெயருள்ள இரண்டு நடிகர்களின் படங்கள் ஒரே பக்கத்தில் கலந்து கிடப்பதைக் காணலாம். பிறந்த ஆண்டோடு படப் பட்டியலை ஒப்பிடுங்கள். 5 வயதில் வில்லன் வேடம் போட்டிருந்தால் அது வேறு ஆள்.

ஏஐ செயலியிடம் கேட்டால்?

எங்கே தேடலாம் என்று கேளுங்கள், பதிலைக் கேட்காதீர்கள். புகழ்பெற்ற படங்களுக்குப் பெரும்பாலும் சரியாக வரும். துணை நடிகர், பழைய பாடகி, சிறு படம் என்று போனால் இல்லாத படத்தைப் பெயரோடு சொல்லும். தயங்காமல் சொல்லும். தேடுபொறியின் மேலே வரும் சுருக்கமும் இதே வகைதான். கீழே உள்ள பக்கத்தைத் திறந்து அதில் உண்மையிலேயே அப்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓடிடி தேதி?

அந்தத் தளத்தின் சொந்தக் கணக்கில் வரும் அறிவிப்பு மட்டுமே. மற்றவை எல்லாம் வெளியான நாளிலிருந்து நான்கு வாரம் கூட்டிப் போட்ட கணக்கு.

மிகப் பழைய படங்களுக்கு எங்கே போவது?

புதுச்சேரியில் 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களும் பழைய சினிமா இதழ்களும் பாதுகாக்கப்படுகின்றன. போகும் முன் மின்னஞ்சலில் படப் பெயர், தோராய ஆண்டு, என்ன வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனால் நாள் வீணாகாது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுக்கத் திரட்டிய படப் பட்டியல்தான் இன்று இணையத்தில் உள்ள பல பட்டியல்களுக்கு வேர்.

சில கேள்விகளுக்கு ஒரே பதில் கிடையாது. தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’, 1931 அக்டோபர் 31, இதில் தேதிச் சண்டை இல்லை. மொழிச் சண்டை உண்டு, தெலுங்கும் அதில் பேசப்பட்டது. நடராஜ முதலியாரின் மௌனப் படம் ‘கீசக வதம்’ எந்த ஆண்டு என்பதில் 1916, 1917, 1918 என்று ஆய்வாளர்களே வேறுபடுகிறார்கள். அங்கே ஒரே ஆண்டை அடித்துச் சொல்கிற பக்கத்தைவிட மூன்றையும் சொல்கிற பக்கம்தான் கவனமாக எழுதப்பட்டது.

இந்தக் காட்சி நம்ம ஊரில் எடுத்ததுதானே?

படத்தின் இறுதி எழுத்தோட்டத்தில் நன்றிப் பகுதியைப் பாருங்கள். அனுமதி தந்த துறைகளும் ஊர்களும் அங்கே இருக்கும். ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் புதுச்சேரிக் காட்சிகள் இங்கேயே எடுக்கப்பட்டவை. கடல் காட்சிகளோ தைவானில் கட்டிய பெரிய நீர்த்தொட்டியில் எடுத்தவை. கதை நடக்கும் ஊரும் படம் எடுத்த ஊரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வெள்ளை மஞ்சள் சுவரைப் பார்த்ததும் பிரெஞ்சுத் தெரு என்று சொல்லிவிடுகிறோம். தெருப் பெயர்ப் பலகை, கலங்கரை விளக்கம், கட்டட முகப்பு ஏதாவது ஒன்றை நிறுத்திப் பார்த்து, கூகுள் வரைபடத்தின் தெருக்காட்சியோடு ஒப்பிடுங்கள்.

இன்னாருக்கும் இன்னாருக்கும் காதலா, விவாகரத்தா?

அவர்களே சொன்னால் தெரியும். சொல்லும் வரை அது அவர்கள் வீட்டு விஷயம். அதைத் தோண்ட வழி இங்கே எழுதப்போவதில்லை.

நீல டிக் இருக்கிற கணக்கு உண்மையானதுதானே? நடிகரே பேசி முதலீடு செய்யச் சொல்கிறாரே?

எக்ஸ் தளத்தில் நீல டிக் இப்போது மாதக் கட்டணம் கட்டினால் கிடைப்பது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்கிலும் கட்டண டிக் உண்டு. இன்ஸ்டாகிராமில் கணக்கின் மேலே மூன்று புள்ளியைத் தொட்டு ‘இந்தக் கணக்கைப் பற்றி’ என்பதைத் திறந்தால் எப்போது சேர்ந்தது, முன்பு எத்தனை முறை பெயர் மாற்றியது என்று தெரியும். போன மாதம் சேர்ந்து மூன்று முறை பெயர் மாற்றிய கணக்கு பெரிய நடிகருடையதாக இருக்காது. தயாரிப்பு நிறுவனம் தன் பதிவில் இணைத்துக் குறிப்பிடும் கணக்கு எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலீடு, ஆன்லைன் விளையாட்டு, சர்க்கரை நோய் மருந்து என்று நடிகர் பேசும் காணொளி பெரும்பாலும் குரலும் உதடும் மாற்றிச் செய்தது. உதட்டசைவு ‘ப’, ‘ம’ வரும் இடத்தில் மூடுகிறதா என்று பாருங்கள். பழைய பேட்டியின் காட்சியா என்று லென்ஸில் தேடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் பரிவர்த்தனை எண்ணைச் சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் அந்தப் பக்கத்துக் கணக்கை முடக்கிப் பணத்தை நிறுத்த வாய்ப்பு உண்டு.

பெரிய படத்துக்குக் கடலூரில் ஆடிஷன் என்று விளம்பரம். போகலாமா?

தயாரிப்பு நிறுவனத்தின் சொந்தக் கணக்கில் அதே விளம்பரம் இருந்தால் போகலாம். பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ கட்டணம், சங்க அட்டைக் கட்டணம் என்று எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் திரும்பிவிடுங்கள். வேடம் தருகிறவர் பணம் கொடுப்பார், வாங்க மாட்டார். 18 வயதுக்குக் குறைந்தவரானால் பெற்றோரில் ஒருவர் கூடவே உள்ளே இருக்க வேண்டும். ஹோட்டல் அறைக்குத் தனியாக வரச் சொன்னால் அது ஆடிஷன் அல்ல. ஆதார் நகல் கேட்டால் தேர்வான பிறகு, எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தோடு, எதற்காகத் தருகிறோம் என்பதை நகலின் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.